ஒரு நிமிஷம் பொறு

போட்டோ எடுப்பது என்பது ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்கிற காரியமாக இருந்தது. ஒரு ரோல் பிலிமில் 36 படம். அதை வீணாக்கலாமா? தீபாவளிக்குப் பத்து, பொங்கலுக்குப் பத்து, நடுவில் ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டு என்று செட்டாகச் செலவழிப்போம். ரோல் தீர்ந்த பிறகு கழுவக் கொடுப்போம். "அடுத்த வாரம் வாங்க ஸார்" என்பார் ஸ்டூடியோக்காரர். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம் வரச் சொல்வார். கடைசியில் உறை கைக்கு வரும்போது எந்தப் படம் எந்தத் தீபாவளி என்று வீட்டில் ஒரு வாக்குவாதம் நடக்கும். பாதிப் படங்களில் தலை இராது. தலை உள்ள படங்களில் கண் மூடியிருக்கும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. ஒரே ஒரு ரோலைப் பற்றி மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் தகப்பனாரை, "அப்பா, இங்கே பாருங்கோ" என்று கூப்பிட்டு ஒரு படம் எடுத்தேன். ரோலில் இன்னும் பதினொரு படம் பாக்கி இருந்தது. அதுவும் முடியட்டுமே என்று காமிரா அலமாரியிலேயே கிடந்தது. ரோல் கழுவி வந்தபோது அப்பா இல்லை. படத்தில் திண்ணை தெளிவாக இருந்தது. பேப்பரின் எழுத்துக்கூடத் தெரிந்தது. என் பக்கம் திரும்பிய அவருடைய முகம் மட்டும் ஆடிக் கலைந்து போயிருந்தது. அன்றைக்கே பார்த்திருந்தால் இன்னொரு படம் எடுத்திருப்பேன். அவர் திண்ணையை விட்டு எங்கும் போய்விடவில்லை.

ஆகையால், "எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்கக் கூடாது?" என்று ஒரு குழந்தை தன் அப்பாவைக் கேட்ட கதையை முதன்முதலில் படித்தபோது, அந்தக் குழந்தை எனக்காகவே கேட்டது போல் தோன்றியது.

குழந்தைக்கு வயது மூன்று. இடம் அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்துச் சாண்டா ஃபே நகரம். வருஷம் 1943, டிஸம்பர் மாதம். அப்பாவின் பெயர் எட்வின் லாண்ட்.

மற்ற அப்பாமார்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "அதெல்லாம் அப்படித்தான், பேசாமல் இரு" என்றிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். லாண்ட் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடக்கப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்துக்குள் காமிரா எப்படி இருக்க வேண்டும், பிலிம் எப்படி இருக்க வேண்டும், ரசாயனம் என்ன என்பதெல்லாம் தம் மனத்தில் தெளிவாகிவிட்டது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காப்புரிமை வேலைகளைக் கவனிக்கும் அவருடைய வக்கீல் அதே சமயம் அதே ஊருக்கு வந்திருந்தது தெய்வச் செயல்தான். அன்றே வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் தோன்றுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1909-ல் கனெக்டிகட்டில் பிறந்த லாண்ட், ஹார்வர்டில் படிக்கப் போய்ப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். இருபது வயதுக்குள்ளாகவே வெளிச்சத்தின் கூச்சத்தை வடிகட்டும் ஒருவகைத் தகட்டைக் கண்டுபிடித்தவர். அந்தத் தகட்டின் பெயர்தான் போலராய்ட். அதே பெயரில் 1937-ல் கம்பெனி தொடங்கினார். யுத்த காலத்தில் ராணுவத்துக்குக் கண்ணாடிகளும் கருவிகளும் செய்து கொடுத்துக் கொண்டிருந்தார். வெளிச்சத்தோடும் ரசாயனத்தோடும் பதினைந்து வருஷம் பழகிய மனிதரிடம் அந்தக் குழந்தை கேட்டது. விறகு காய்ந்திருந்தது; குழந்தை நெருப்பு வைத்தது.

அவருக்குத் தோன்றிய வழி என்ன? சாதாரணமாகப் பிலிமைக் கழுவ இருட்டறை வேண்டும். தொட்டி தொட்டியாக மருந்து வேண்டும். நெகடிவ் காய வேண்டும். பிறகு அதிலிருந்து தாளில் பிரிண்ட் போட வேண்டும். லாண்ட் அந்த இருட்டறையை மடித்துக் காமிராவுக்குள்ளேயே வைத்துவிட்டார். நெகடிவையும் பிரிண்ட் தாளையும் முகத்தோடு முகம் சேர்த்தார். நடுவே பசை போன்ற மருந்தை ஒரு சின்ன உறையில் அடைத்தார். படம் எடுத்தபின் அந்த ஜோடியை வெளியே இழுத்தால் இரண்டு உருளைகளுக்கு நடுவே அது நசுங்கி வரும். உறை உடைந்து மருந்து சமமாகப் பரவும். வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி உப்பு நெகடிவிலேயே கறுத்துத் தங்கிவிடும். வெளிச்சம் படாத இடத்து உப்பு கரைந்து, எதிரே ஒட்டியிருக்கும் தாளுக்குக் குடிபோய் அங்கே கறுக்கும். ஆகவே வெளிச்சம் விழுந்த கன்னம் தாளில் வெளுப்பாக இருக்கும். கூந்தல் கறுப்பாக இருக்கும். தொட்டியும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். ஒரு நிமிஷம் பொறுத்துத் தாளைப் பிரித்தால் போதும்.

சொல்வதற்கு எளிது. செய்து முடிக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1947 பிப்ரவரி 21-ஆம் தேதி நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய சபையில் லாண்ட் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் கழித்துத் தாளைப் பிரித்துக் காட்டினார். மேடையில் ஒரு லாண்ட், கையில் ஒரு லாண்ட். மறுநாள் பத்திரிகையில் அந்தக் காட்சி வந்தது. 1948 நவம்பர் 26-ஆம் தேதி பாஸ்டன் நகரில் ஜார்டன் மார்ஷ் என்ற பெரிய கடையில் முதல் காமிரா விற்பனைக்கு வந்தது. விலை 89 டாலர் 75 சென்ட். அந்த நாளில் அது கொஞ்சப் பணமில்லை. காமிராவும் நான்கு பவுண்டு கனம். அப்படியும், கொண்டு வந்திருந்த ஐம்பத்துச் சொச்சம் காமிராக்களும் அன்றைக்கே தீர்ந்து போயின.

எட்டுப் படங்கள் கொண்ட ஒரு ரோலுக்காக ஜனங்கள் ஏன் இப்படி முண்டியடித்தார்கள்? அவசரம்தான் காரணம் என்று நினைப்போம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. படம் வரும்போது, எடுக்கப்பட்டவர் இன்னும் எதிரிலேயே இருக்கிறார். அந்த மரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. வெயில் இன்னும் மாறவில்லை. படத்தையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்துகொள்" என்று சொல்லி மறுபடியும் எடுக்கலாம். ஓவியர் ஒரு கோடு போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாரே, அந்தச் சுகம் அதுவரையில் போட்டோக்காரருக்குக் கிடைத்ததில்லை. லாண்ட் தம் காமிராவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் முதல் படங்கள் பழுப்பு நிறம். "கறுப்பு வெள்ளையாக வேண்டும்" என்று கேட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் மெரோ மோர்ஸ் என்ற பெண்மணி. அவர் கல்லூரியில் ரசாயனம் படித்தவரல்ல. கலை வரலாறு படித்தவர். ஒரு கன்னத்தின் நிழல் எத்தனை படியாக இறங்க வேண்டும் என்பதை அறிந்த கண் லாண்டுக்கு வேண்டியிருந்தது. 1950-ல் கறுப்பு வெள்ளைப் பிலிம் வந்தது. வந்த வேகத்தில் புகாரும் வந்தது: சில மாதங்களில் முகங்கள் மங்கி மறையத் தொடங்கின! உடனே தோன்றிய படம் உடனே மறையவும் செய்தால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு படத்தின் மீதும் ஒரு பூச்சைத் தடவிக் காப்பாற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து, அதற்கான துடைப்பானைப் பிலிமோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

குறைகளைக் கண்டு சொல்ல லாண்ட் 1949-ல் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர் யார் தெரியுமா? ஆன்ஸல் ஆடம்ஸ்! யோஸமிட்டி மலைகளைப் பெரிய காமிராவில் நாள்கணக்கில் காத்திருந்து எடுத்தவர். பொறுமைக்குப் பெயர் போனவருக்கு அவசரக் காமிராவில் என்ன வேலை என்று பலர் கேட்டிருப்பார்கள். அவர் புதிய பிலிம்களை மலைக்கு எடுத்துப் போய்ச் சோதித்துக் குறிப்புக் குறிப்பாக எழுதி அனுப்பினார். 1963-ல் இந்தக் காமிராவைப் பயன்படுத்தும் முறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எல் காபிடான் என்ற பாறைமலையில் குளிர்காலச் சூரியோதயம் படுவதை 1968-ல் அவர் எடுத்த படம் போலராய்ட் பிலிமில் எடுத்ததுதான்.

1963-ல் வண்ணப் பிலிம் வந்தது. 1972-ல் லாண்டின் கனவு முழுமையாக நிறைவேறியது. கோட்டுப் பையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் எஸ்எக்ஸ்-70 என்ற காமிரா. இதில் பிரிக்கத் தாளில்லை, பூசப் பூச்சில்லை. பொத்தானை அமுக்கினால் வெள்ளை விளிம்புடன் ஒரு சதுர அட்டை வெளியே நாக்கை நீட்டும். பகல் வெளிச்சத்திலேயே, உங்கள் உள்ளங்கையிலேயே, பனிமூட்டத்திலிருந்து ஆள் வருவது போல உருவம் மெல்ல வெளிவரும். பாட்டரிகூடப் பிலிம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கலைஞர்கள் இதைச் சும்மா விடுவார்களா? நியூயார்க்கில் லூகாஸ் ஸமராஸ் என்பவர், படத்தின் உட்புறம் சில மணி நேரம் இளகியே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். தம் வீட்டுச் சமையலறையில் தம்மையே படம் எடுத்து, அது இறுகுவதற்குள் கூரான குச்சியால் அழுத்தி வர்ணங்களைக் குழப்பி விட்டார். மனித முகம் தீயாகவும் நீராகவும் ஆயிற்று. 1973 முதல் 1976 வரை இதே வேலை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-ல் ஒரு காட்சியைச் சிறு சிறு சதுரங்களாக எடுத்துக் கட்டம் கட்டமாக ஒட்டினார். ஒரு சதுரத்தில் கை, இன்னொன்றில் அதே கை சற்று நகர்ந்து. அடுத்த சதுரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை முந்தைய சதுரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உடனே பார்க்க முடியாத காமிராவில் இந்த விளையாட்டு நடக்காது. வெறும் விளையாட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம் உண்டு. குளிர்ந்த காற்றில் எடுத்தால் படம் நீலம் பாய்ந்து வரும். வெப்பத்தில் எடுத்தால் செம்மை ஏறும். படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கதகதப்பூட்டி நிறத்தைத் திருத்தியவர்கள் எத்தனையோ பேர்.

அமெரிக்காவின் பஞ்ச காலத்தில் ஏழை உழவர் குடும்பங்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற வாக்கர் எவான்ஸ், 1973-ல், எழுபது வயதில், உடம்பு நலிந்த நிலையில் இந்தக் காமிராவைக் கையில் எடுத்தார். 1975-ல் இறப்பதற்குள் 2,600-க்கும் அதிகமான படங்கள் எடுத்துத் தள்ளினார். துருப்பிடித்த விளம்பரப் பலகைகள், ஒற்றை எழுத்துக்கள், நண்பர்களின் முகங்கள். அறுபது வயது தாண்டாத யாரும் இந்தக் காமிராவைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். கிழவரின் குறும்பு என்று எண்ண வேண்டாம். காமிராவின் வேலையெல்லாம் தானாகவே நடந்துவிடுகிறது. மிச்சமிருப்பது எதை எடுப்பது என்ற ஒரே கேள்வி. அதற்கு விடை சொல்ல ஓர் ஆயுள் வேண்டும்.

"உடனே" என்ற வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் போவது நியாயமல்ல. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த நாட்களில் கறுப்பு மக்கள் எங்கே போனாலும் படம் ஒட்டிய ஓர் அனுமதிப் புத்தகத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களை நொடியில் எடுத்துத் தள்ள இதே பிலிம் உதவியது. 1970-ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த காரலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பின ஊழியர்கள் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்துக் கிளர்ச்சி செய்தார்கள். ஹண்டர் ரசாயன நிபுணர். அவருக்கு வேலை போயிற்று. ஏழு வருஷம் கழித்து, 1977-ல், கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது. குழந்தையின் கையில் பரிசாக விழ வேண்டிய படம், போலீஸ்காரன் கையில் விலங்காக விழுந்தது. பெற்றுக்கொள்கிறவனுக்காக எடுக்காமல், பிடிப்பதற்காக எடுத்த படம் அது. ரசாயனம் ஒன்றுதான், மனம் வேறு.

அதே 1977-ல் நியூயார்க்கில் ஒரு கிழவரின் மனைவி இறந்து போனாள்.

கிழவர் ஆந்த்ரே கெர்டெஸ். 1894-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். பாரிஸில் பத்து வருஷம் படம் எடுத்துப் பெயர் வாங்கி, 1936-ல் நியூயார்க்குக்கு வந்தவர். வந்த ஊர் அவரை நெடுநாள் கவனிக்கவே இல்லை. வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த ஓர் உயரமான வீட்டில் மனைவி எலிஸபெத்துடன் குடியிருந்தார். சொந்த ஊரில் வாலிப வயதிலேயே பழக்கமானவள் அவள். அவள் போன பிறகு கிழவர் வீட்டை விட்டு வெளியே வருவதையே குறைத்துக் கொண்டார். வயது எண்பத்து மூன்று. இருட்டறையில் நின்று வேலை செய்கிற வயதா அது?

அந்தச் சமயத்தில் ஓர் எஸ்எக்ஸ்-70 அவர் கைக்கு வந்தது. ஒருநாள் கடை ஜன்னலில் கண்ணாடியால் செய்த சிறு மார்பளவுச் சிலை ஒன்றைப் பார்த்தார். முகம் இல்லாத வெறும் கழுத்தும் தோளும். அந்தக் கழுத்தின் வளைவு அவருக்கு எலிஸபெத்தை நினைவூட்டியது. அதை வாங்கி வந்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெயில் அதற்குள் புகுந்து பொன்னாக மாறும். வெளியே நிற்கும் நகரத்துக் கட்டடங்கள் அந்தக் கண்ணாடித் தோளுக்குள் வளைந்து நெளியும். கிழவர் படம் எடுப்பார், கையில் வைத்துக்கொண்டு அது வெளிவரக் காத்திருப்பார், சிலையைச் சற்றே திருப்புவார், வெயில் நகரும் வரை உட்கார்ந்திருப்பார், மறுபடி எடுப்பார். பிறகு இரண்டாவது சிலை ஒன்றும் வந்து முதல் சிலையோடு ஜோடி சேர்ந்தது. 1981-ல் இந்தப் படங்கள் "என் ஜன்னலிலிருந்து" என்ற பொருள்படும் பெயரில் புத்தகமாக வந்தன. சமர்ப்பணம் எலிஸபெத்துக்கு. 1985-ல் கிழவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். காத்திருப்பதை ஒழிக்கப் பிறந்த காமிரா அது. அதைக் கொண்டு உயர்ந்த காரியம் செய்தவர்கள் எல்லோரும் காத்திருக்கத் தெரிந்தவர்கள். அது மிச்சப்படுத்திக் கொடுத்த ஒரு வார நேரத்தை அவர்கள் வேறெங்கும் கொண்டு போய்ச் செலவழிக்கவில்லை. எதிரே இருந்த பொருளோடு, எதிரே இருந்த மனிதரோடு, கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கச் செலவழித்தார்கள்.

கம்பெனியின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாண்ட் 1982-ல் தாம் தொடங்கிய கம்பெனியை விட்டே விலகினார்; 1991-ல் காலமானார். டிஜிட்டல் காமிரா வந்தது. 2001-ல் போலராய்ட் திவாலாயிற்று. 2008-ல் பிலிம் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஜப்பானின் ஃபூஜி கம்பெனி 1998-ல் கொண்டு வந்த இன்ஸ்டாக்ஸ் என்ற சின்னப் படக் காமிரா மட்டும் தாக்குப்பிடித்தது. அப்போது ஹாலந்தில் என்ஸ்கெடே என்ற ஊரிலிருந்த கடைசித் தொழிற்சாலையின் யந்திரங்களைச் சிலர் சேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் தங்கள் முயற்சிக்கு வைத்துக்கொண்ட பெயரே "முடியாத காரியம்"! பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை. புதிதாகச் செய்முறை கண்டுபிடித்து 2010-ல் முதல் பிலிமை வெளியிட்டார்கள். காமிராவிலிருந்து வெளிவரும் படத்தை உள்ளங்கையால் மூடி வெளிச்சத்திலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. மழையில் தீபத்தை எடுத்துப் போவது போலத்தான். அந்தக் கம்பெனிதான் இன்று போலராய்ட் என்ற பழைய பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய பிலிமில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1948-ல் ஒரு நிமிஷத்தில் வந்த படம், இன்று வண்ணத்தில் முழுதாகத் தெளிய ஏறக்குறையப் பதினைந்து நிமிஷம் ஆகிறது! கையிலுள்ள டெலிபோன் கண்ணிமைப்பதற்குள் நூறு படம் காட்டும் இந்தக் காலத்தில், ஒரு பெட்டிக்கு எட்டே படம் தரும் இதை இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். எதற்காக? அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அப்படி ஒரு காமிரா என் வீட்டுக்கு வந்தது. பேத்தி கொண்டு வந்தாள். நான் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். "தாத்தா, இங்கே பாருங்கோ" என்றாள். அட்டை வெளியே வந்தது. ஆட்டப் போனேன். "ஆட்டக் கூடாது, கவிழ்த்து வைக்கணும்" என்று பிடுங்கி மேஜைமேல் குப்புற வைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இப்போதே பார்த்தால் என்ன?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ தாத்தா" என்றாள்.

பொறுத்தேன். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். படம் நன்றாகவே வந்திருந்தது, முகம் ஆடவில்லை.